சட்டைக்குக் கிடைத்த சனி ஞாயிறு

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறர் பேச்சுக்குச் செவி கொடுக்கும் பழக்கம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. ஆயினும் ஒரு நாள் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் இருவரில் இளையவள் கூறிய ஒன்று என்னைக் கேட்க வைத்தது.

“நாம தைக்கிற சட்டைக்கே சனி ஞாயிறு லீவு இருக்குக்கா. நமக்குத்தான் இல்ல.”

“சட்டைக்கு என்னாடி லீவு?”

“அமெரிக்காவுக்குத்தானே போகுது? ரெண்டு நாளும் அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் பிள்ளையோட ஊர் சுத்துவான். வர்ற ஞாயிறு கோயில்ல என் மகளுக்குக் காதுகுத்து. எனக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்க. நான் இல்லாட்டி அழுவா.”

“வரலன்னு சொல்லேன்.”

“நான் ஒருத்தி சொன்னா வேலை போயிரும். நம்ம தையல் லைனே சேர்ந்து சொன்னா?”

மூத்தவள் சிரித்தாள். “லைனே வீட்டுக்குப் போகும்! அமெரிக்காவுல முதலாளிங்க மனசிரங்கி லீவு குடுத்தாங்க. நம்மாளு குடுப்பானா?”

இளையவள் சின்னத் தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருவரும் இறங்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

அங்கும் முதலாளிகள் மனமிரங்கித் தரவில்லை. தொழிலாளர்கள் சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். பிறகுதான் சட்டம் வந்தது.