போதிலின் பெயரில் வந்த கேக்

மேடையின் நடுநாற்காலியை நிறைத்தும், நான் எழுந்தது முதல் கடிகாரத்தை முறைத்தும் வீற்றிருக்கும் நம் வெந்நீர்க் கூட்டுறவின் தலைவர் தோர்கில் அவர்களே! தலைவர் தலையசைத்தால் தாமும் அசைத்தே பழகிய நிர்வாகக் குழுவினரே! போன மாதக் குளிரை மறக்க முடியாமல் இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்றாத பெரியோர்களே! பிள்ளைகளைக் கோட்டும் குல்லாயுமாகத் தூங்கவைத்த தாய்மார்களே! பின்வரிசையில் காபிக் குடுவைக்குக் காவலிருக்கும் கடமை வீரர்களே! ஹெஸல்வாங் ஊரின் ஒரே ரொட்டிக் கடைக்காரி சிட்செலின் வணக்கம், உங்கள் அனைவருக்கும்!

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் சொன்னார். சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் ஏன் கடை வைக்கிறேன்?

இன்று நம் முன்னால் இருக்கும் தீர்மானம் என்ன? வைக்கோலை எரித்து, நீரைச் சுடவைத்து, குழாய்வழி வீடுதோறும் வெப்பம் அனுப்பும் நம் நிலையம் ஜனவரியில் நின்றது. கணினித் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். பம்புகளை ஆளும் கணினியைப் பூட்டினார்கள். திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்றார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாளே போதில், அவள் பெயரில் வந்தது அவர்கள் அனுப்பிய கள்ள மின்னஞ்சல். ஆகவே போதிலை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்கிறார் தலைவர். அதோ, கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள் போதில். அவள் இருக்கும்போதே நீங்கள் கை தூக்கி முடிவு சொல்லப் போகிறீர்கள். தூக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்.

நிலையத்து அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரையைப் பூட்டாமல் எவரேனும் எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவர் பாய்ந்து உட்கார்ந்து, அவர் பெயரிலேயே எல்லோருக்கும் எழுதிவிடுவார்: ‘நாளை நான் கேக் கொண்டு வருகிறேன்.’ மாட்டியவர் கொண்டு வந்தே தீர வேண்டும். நல்ல வழக்கம்! திரையைப் பூட்டப் பழக்கிய வழக்கம். என் கடைக்கும் வாழ்வளித்த வழக்கம். ஒவ்வொரு முறையும் கேக்கோடு படம் எடுத்தோம். மாட்டியவர் பெயரோடு ஊரின் இணையப் பக்கத்தில் போட்டோம். உலகமே பார்த்தது. உலகத்தில் திருடனும் இருக்கிறான் என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்!

அந்தப் படங்களில் ஒருமுறைகூட இல்லாத முகம் எது? போதிலின் முகம். கழிப்பறைக்குப் போனாலும் திரையைப் பூட்டிவிட்டுப் போகிறவள் அவள். ‘இன்னும் மாட்டாதவள் போதில் மட்டும்தான்’ என்று படங்களுக்குக் கீழே நாமே எழுதியும் வைத்தோம்! பிறகு ஒருநாள் வந்தது பாருங்கள் அந்த அஞ்சல், அலுவலகத்துக்கு மட்டுமல்ல, கூட்டுறவு உறுப்பினர் எல்லோருக்கும்: ‘கடைசியில் நானும் மாட்டிக்கொண்டேன்! எந்தக் கேக் வேண்டும்? இங்கே அழுத்தி, உங்கள் கடவுச்சொல்லைப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.’

கேக் தின்னக் கடவுச்சொல் எதற்கு என்று கேட்டோமா? கேட்கவில்லை. அனுப்பிய முகவரி போதிலின் முகவரிதானா என்று உற்றுப் பார்த்தோமா? பார்க்கவில்லை. போதில் மாட்டிவிட்டாள் என்ற பூரிப்பு! அவளைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற சிலிர்ப்பு! அழுத்தினோம், அழுத்தினோம், ஆள்மாற்றி ஆள் அழுத்தினோம்!

நான் அழுத்தவில்லை. அறிவினாலா? இல்லை, ஆத்திரத்தினால்! ஊருக்கே கேக்காம், என் கடைக்கு ஆர்டர் வரவில்லையாம். உடனே போனை எடுத்தேன்.

“ஏம்மா போதில், என் கேக்குல என்ன குறை கண்ட? சூப்பர்மார்க்கெட்டுக்குப் போற அளவுக்கு வந்துட்டியா?”

“என்ன கேக்கு? யாருக்குக் கேக்கு?”

“நடிக்காத. நீ மாட்டிக்கிட்டேன்னு ஊருக்கே எழுதியிருக்க!”

“நான் ஒண்ணும் எழுதல சிட்செல். நீ அதத் தொட்டியா? தொட்டுத் தொலைக்காத! நான் எஸ்கிலக் கூப்பிடணும், போன வை மொதல்ல!”

முகத்தில் அடித்தாற்போல் போனை வைத்தாள். அவளுக்கு மரியாதை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், சந்தேகம் வந்தால் அந்த அஞ்சலுக்கே பதில் போடாமல், வேறு வழியில் ஆளையே கேட்க வேண்டும் என்று நிபுணர்கள் நீட்டி முழக்குகிறார்களே, அதை நான் வெறும் வயிற்றெரிச்சலிலேயே செய்து முடித்துவிட்டேன்!

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் எஸ்கில் ஓடிப்போய் இணைய வயரைப் பிடுங்கினான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஏன்? நம் தலைவர் தம் கடவுச்சொல்லைத் தங்கக் கையால் தட்டிக் கொடுத்திருந்தார். என்ன கடவுச்சொல்? தம் நாயின் பெயர்! மின்னஞ்சலுக்கும் அதே பெயர், பம்புக் கணினிக்கும் அதே பெயர். அந்தப் பெயரைத்தான் காலைதோறும் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகிறாரே! திருடன் எதற்குச் சிரமப்பட்டு அஞ்சல் எழுதினான்? நம் ஊருக்கு வந்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் போதாதா?

என்ன? பின்னாலிருந்து யார்? “நாயக் குறை சொல்லாதீங்க”வா? நாயைச் சொல்வேனா ஐயா? அது அந்நியனைக் கண்டால் குரைக்கிறது. நிர்வாகக் குழுவில் அதைச் சேர்த்திருக்கலாம்!

சிரித்தது போதும். குளிர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எஸ்கில் வால்வுகளைக் கையால் திருப்பித் திருப்பி, தோல் உரிந்து நின்றான். முதியவர்களைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். என் அடுப்பைச் சுற்றி அண்டைவீட்டார் அமர்ந்திருந்தார்கள். எனக்கு அன்று கோபம் வந்தது, இன்றும் வருகிறது.

ஏன் தெரியுமா? சென்ற ஆண்டு இதே அரங்கில், இதே மேடையில், போதில் எழுந்து என்ன கேட்டாள்? பம்புக் கணினியை அலுவலகக் கணினிகளிடமிருந்து பிரித்து வையுங்கள், அங்கே புகுந்தவன் இங்கே வர முடியாது என்றாள். கடவுச்சொல் போட்ட பிறகு போனுக்கு ஒரு எண் வரட்டும், அதையும் போட்டால்தான் கதவு திறக்கட்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, எந்த இணைப்பும் இல்லாத இடத்தில் வையுங்கள் என்றாள். நாம் என்ன செய்தோம்? “இவளுக்கு எப்பவும் பயம்தான்” என்றோம். பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்றோம். நாற்காலி வாங்கினோம்! தடித்த மெத்தை வைத்த நாற்காலி! இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, சுகமாக இருக்கிறதா?

போதில் செய்த குற்றம் என்ன? அழுத்தினாளா? இல்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தாளா? இல்லை. அவள் கணினிக்குள் எவனாவது புகுந்தானா? அதுவும் இல்லை, வந்து சோதித்தவர்களே சொன்னார்கள். எவனோ ஒருவன் ஓர் உறையின் மேல் என் பெயரை எழுதி உங்களுக்குக் கள்ளக் கடிதம் போட்டால், நீங்கள் என் கடையை மூடுவீர்களா?

தலைவர் ஒலிவாங்கியைக் கேட்கிறார். கொடுக்கிறேன், பேசட்டும்.

“சிட்செல், நீ பாட்டுக்குப் பேசிட்டே போற. நான் என்ன, ஊர்பேர் தெரியாதவன் அனுப்பினதையா தொட்டேன்? போதில் பேர் போட்டிருந்துச்சு. அதான் யோசிக்காம அழுத்துனேன். வேற எவன் பேரா இருந்தாலும் அவனையே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்!”

கேட்டீர்களா? கேட்டீர்களா, மகாஜனங்களே? நான் இத்தனை நேரம் தொண்டை கிழியச் சொல்ல வந்ததை, தலைவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

திருடன் நம் ஊர்ப் பக்கத்தை உட்கார்ந்து படித்தான். எத்தனை பெயர்கள் இருந்தன அதில்! தலைவர் பெயர் இருந்தது, தொடவில்லை. குழுவினர் பெயர் இருந்தது; தொடவில்லை. என் பெயரும் இருந்தது, சீண்டக்கூட இல்லை! இந்த ஊர் எவள் பேச்சை மறுகேள்வி இல்லாமல் நம்பும் என்று தேடினான், தேடினான், தேடி எடுத்தான் போதிலின் பெயரை! முன்பின் தெரியாத ஒரு திருடனுக்குத் தெரிந்தது, ஹெஸல்வாங்கில் நம்பத்தக்கவள் யாரென்று. கூடவே வாழும் நமக்குத் தெரியவில்லை! அவளையா அனுப்பப் போகிறீர்கள்? அனுப்பிவிட்டு, அடுத்த அஞ்சல் வரும்போது யாரைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள்?

பேசியது போதும். தலைவர் சார்பில் நானே கேட்கிறேன். போதிலை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

தூக்குங்கள், யாருக்காகவும் தயங்க வேண்டாம்.

முன்வரிசையில் இல்லை. பின்வரிசையிலும் இல்லை. தலைவரே, உங்கள் கையும் மேசைமேல்தான் இருக்கிறது.

தூக்காத கைகளுக்கெல்லாம் என் நன்றி. அந்தக் கைகளுக்கு உரியவர்களே, உங்களுக்கு என் வணக்கம்!