பதினாலாம் நம்பரின் குரல்

எங்கள் காலேஜில் எதற்கெல்லாம் சங்கம் இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சார். நாடகத்துக்கு, விவாதத்துக்கு, ரத்த தானத்துக்கு, ரோபோ செய்வதற்கு, பழைய சினிமா பார்த்துவிட்டுச் சண்டை போடுவதற்கு. அம்மா என்னைச் சங்கீத சங்கத்தில் சேரச் சொன்னாள். மாட்டுங்காத் தமிழ் வீடுகளில் வேறென்ன சொல்வார்கள். நான் மலையேற்றச் சங்கத்தில் சேர்ந்தேன். மற்றவற்றில் கூடுவார்கள், பேசுவார்கள், கலைவார்கள். எங்களுடையதில் ஒழுங்கு உண்டு.

ஒழுங்கு என்றால், ஆளுக்கு ஒரு நம்பர். நிற்கும் இடத்திலெல்லாம் வரிசையாக அதைக் கத்த வேண்டும். மழைக்காலத்து மலையில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வரிசையின் கடைசியில் வருபவனை டெயில் என்போம். யாரையும் விட்டுவிடாமல் கூட்டி வருவது அவன் பொறுப்பு. இரண்டு வருடமாக நான்தான் டெயில்.

வெங்கடேஷுக்குப் பதினாலாம் நம்பர். தாராவிப் பையன், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். எங்கள் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் மராத்தி, குஜராத்தி. இங்கிலீஷில் நம்பர் சொல்வார்கள். இவன் மட்டும் "பதினாலுலே!" என்று கத்துவான். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். எனக்கு அவனைப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேன்டீனில் அவனைப் போலவே பேசிக் காட்டுவேன். அவனே கைதட்டுவான்.

போன ஜூலையில் கர்ஜத் பக்கம் ஒரு மலைக்கோட்டைக்குப் போனோம். இறங்கும்போது பாறையில் வழுக்கி அவனுக்குக் கால் மடங்கியது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

"ஊனவே முடியலலே கிருஷ்ணா," என்றான்.

விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. ஊதியிருக்கலாம். ஊதினால் எல்லோரும் திரும்ப ஏறுவார்கள், மீட்புக் குழு வரும், டிவிக்காரர்கள் வருவார்கள். வேறொரு காலேஜில் ஒரு பையன் அருவியில் விழுந்த மறுவாரமே சங்கத்தை மூடிவிட்டார்கள். எங்களுடையது நாற்பது வருடத்துச் சங்கம், சார்.

"இங்கேயே இரு. கீழ போய் ஆளைக் கூட்டிண்டு வரேன்," என்றேன். பாறை மறைவில் உட்காரவைத்து, என் தண்ணீரையும் பிஸ்கட்டையும் கொடுத்தேன்.

"சீக்கிரம் வாலே. குளிருது," என்றான்.

அடிவாரத்தில் எங்கள் லீடர் சாருலதா நம்பர் கேட்டாள். எல்லோரும் ரெயின்கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார்கள். பதின்மூன்று வந்தது. நான் பின்னாலிருந்து "பதினாலுலே!" என்று கத்தினேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். என் முறை வந்தபோது என் நம்பரை என் குரலில் சொன்னேன்.

காலையில் தனியாகத் திரும்பி வந்து, கிராமத்து ஆளோடு சத்தமில்லாமல் அவனை இறக்கிவிடலாம் என்பதுதான் திட்டம். ரயில் கூட்டத்தில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறியதால் அவன் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. மழைக்குப் பயந்து அவன் போனை என் பையில் வைத்திருந்தான். ரயில் குர்லாவை நெருங்கும்போது அது அடித்தது. அவன் அம்மா. அணைத்து வைத்தேன். போனின் கடைசி சிக்னல் அங்கே என்பதால்தான் நீங்கள் அவனைக் குர்லாவில் தேடினீர்கள்.

அன்றிரவு பிடித்த மழை விடவில்லை. தண்டவாளமெல்லாம் தண்ணீர். ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபோதும் நான் போகவில்லை. உயிரோடு இருந்தால் அவன் சொல்லிவிடுவான். இல்லையென்றால் நான் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவன் அம்மா இசக்கிசெல்வி இன்னும் குர்லா ஸ்டேஷனில் போட்டோவோடு நிற்கிறார். சுனாபட்டி, பாண்டுப் ஸ்டேஷன்களுக்கெல்லாம் அவரோடு போய் நானும் போஸ்டர் ஒட்டினேன். ஒருநாள் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, கடைசியா அவன் எப்டிய்யா சத்தம் போட்டான்? ஒருக்கா சொல்லிக் காட்டேன்."

சொல்லிக் காட்டினேன்.

"எம்புள்ள சத்தமேதான்," என்று என் கன்னத்தைத் தடவினார். அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து கேட்பார். நானும் மறுத்ததில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மலையில் நம்பர் சொன்னோம். புதிதாகச் சேர்ந்த ஷாலினிக்குப் பதினாலைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வாய் திறப்பதற்குள் மூட்டத்துக்குள்ளிருந்து "பதினாலுலே!" என்று கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான், அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது. இப்போது அம்மா குக்கர் விசிலை எண்ணினாலே, எங்கே பதினாலு வரை போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

அவனை உட்காரவைத்த இடத்தை நானே வந்து காட்டுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், சார். எழுதும்போது சங்கத்தின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். நாற்பது வருடமாக அங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை.