பாதிப் புத்தகத்து ராஜா

"உன் ராஜா இன்னும் சாகலையாடி?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த பத்தாம் வகுப்புப் பெண் பக்கத்திலிருந்த சிநேகிதியைக் கேட்டாள். அந்த வருஷம் கடைக்குப் புதுப் புத்தகமே வரவில்லை. கிடைத்த ஒரே பழைய சரித்திரப் புத்தகத்தை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்திருந்தார்கள்.

"என் பாதியில நல்லாத்தான் இருக்காரு. குதிரை ஏறி சண்டைக்குக் கிளம்புறாரு. அதோட பக்கம் முடிஞ்சுபோச்சு."

"என் பாதியில மொத வரியிலயே செத்துட்டாரு."

"ஐயோ, எப்படிடி?"

"யாருக்குத் தெரியும். அடுத்த வரியில தம்பி பட்டத்துக்கு வந்துட்டான்."

இருவரும் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"இன்னிக்கு டெஸ்ட்ல கேட்டா, செத்துட்டாருன்னே எழுதிடறேன்."

"எழுதாதடி. டீச்சருக்கும் புத்தகம் வரல. என் பாதியைத்தான் வாங்கிட்டுப்போய்ப் படிச்சாங்க. அவங்களுக்கு ராஜா உயிரோட இருக்காரு. நீ சாகடிச்சா மார்க் போயிடும்."

இரண்டாம் பாதிக்காரி ஜன்னல் பக்கம் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அந்தத் தம்பிதான் பாவம்."