வெள்ளாயி கூப்புடுறா

விக்னேஸ்வரி எங்கயா? வரேன் தம்பி, அதுக்குத்தான் வரேன். மொதல்ல டீயக் குடிங்க, சூடா இருக்கு, ஆத்திக் குடிங்க. பசியாறிட்டீங்களா? கோலாலம்பூர்லேர்ந்து அவ்ளோ தூரம் காடி ஓட்டிக்கிட்டு வந்துருக்கீங்க, மழ வேற புடிச்சிக்கிச்சி. உடனே எழுந்து போவ முடியாது லா. நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க. அந்த கேமு காட்டுனது போதும், போன மேசையில வைங்க.

உங்க கம்பெனி ஆளுங்க மொத தடவ வந்தப்ப இதே நாக்காலியிலதான் உக்காந்தாங்க. நீங்க அப்ப வேலைக்கே வந்துருக்க மாட்டீங்க. டிவி கார்ட்டூனுக்குத் தோட்டத்துப் புள்ள கொரலு வேணும்னாங்க. ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களையும் பேசவெச்சுப் பாத்துட்டு எம் மவளத்தான் புடிச்சாங்க. கார்ட்டூன்ல அந்தப் புள்ள பேரு வெள்ளாயி. பாவாட சட்ட போட்டுக்கிட்டு, கையில ஒரு லாம்பு வெச்சுக்கிட்டு, பனியில காணாமப் போன ஆட்டுக்குட்டி, பூன எல்லாத்தையும் தேடி வீட்டுல சேக்குற புள்ள. யாரையும் அடிக்காது. எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல சோறு திங்காத புள்ளைக்கு வெள்ளாயியக் காட்டித்தான் ஊட்டுவாங்க. கம்போங் ராஜா டவுனு கடைக்காரங்க எம் மவளயே வெள்ளாயின்னுதான் கூப்புடுவாங்க. எனக்குப் பெரும தாங்காது, சொல்றதுக்கு என்ன.

அதுல ஒரு கத வரும். வெள்ளாயியே பனியில வழி தவறிப் போய்ரும், லாம்பும் அணைஞ்சிரும். அம்மா, நான் இங்க இருக்கேன், இங்க வாம்மான்னு கூப்புடும். அம்மாக்காரி கொரல வெச்சே தேடிப் போய்த் தூக்கிக்கிட்டு வருவா. அத ரெக்காடு பண்றப்ப நானும் கூட இருந்தேன். நெசமாவே பயந்த மாதிரி கூப்புடுன்னாங்க, இவளுக்கு வரவே இல்ல. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டு வெளக்க நிறுத்துனாங்க. அப்பத்தான் வந்துச்சி. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு நான் அழுதுட்டேன்.

அப்புறம்தான் இந்தக் கேமு. கோவிச்சிக்காதீங்க, சம்பளத்துக்கு வேல பாக்குறீங்க, உங்களச் சொல்லல. ஆனா யாரு தம்பி இதெல்லாம் யோசிக்கிறது? எந்தெந்தக் கம்பெனி பொம்மையோ, எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து கொட்டி, அடிச்சிக்குங்கன்னு விட்டுட்டீங்க. நூடுல்ஸ் மீ பாக்கெட்டுல இருக்குற கரடி. பேஸ்ட்டு விளம்பரத்துல பல்லு வெளக்குற மொயலு, அது கையில கோடாலி. அதுங்களுக்கு நடுவுல எங்க வெள்ளாயி. பாவாடயக் கிழிச்சி முட்டிக்கு மேல ஏத்தி, லாம்பப் புடுங்கிட்டுத் துப்பாக்கியக் குடுத்துருக்கீங்க. ஆமா, புள்ளைங்களுக்குப் புடிக்குது. ஏன் புடிக்காது? அதுங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையாச்சே.

சுட்டா விழுவுது. விழுறப்ப என்னா சொல்லுது? அம்மா, நான் இங்க இருக்கேன், இங்க வாம்மா. அந்தக் கொரலயே எடுத்து இதுல ஒட்டிட்டீங்க. இதுல அம்மாக்காரி வரமாட்டா. கரடி வந்து இன்னொரு மிதி மிதிக்கும்.

எங்க லயத்துல வீட்டுக்கு வீடு பலகதான் சொவரு. ஒருத்தன் தும்முனா அடுத்த வீட்டுல கேக்கும். நான் கொழுந்து எடுத்துட்டு வந்து அடுப்புப் பத்தவெச்சா, அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் அம்மா. மொதல்ல எல்லாம் அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடி ஓடிப் போய்ப் பாத்தேன். விக்னேஸ்வரி சிரிப்பா. நான் இங்கதாம்மா இருக்கேன், அது போனுன்னு சொல்லுவா. போகப் போகப் பழகிருச்சி. லயத்துல எல்லாருக்குமே பழகிருச்சி.

நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த ஒரு கொரல எடுத்துருங்க. துப்பாக்கி இருக்கட்டும், பாவாட கிழிஞ்சே கெடக்கட்டும், எனக்கென்ன. கியா பார்ம் சந்தைக்குப் போனாலும் பஸ்ஸுல ஏறுனாலும் எவன் போன்லயாவது கூப்புட்டுக்கிட்டே இருக்கா. என்னால முடியல தம்பி.

என்னா, அவளே வந்து புதுசாப் பேசிக் குடுத்தா மாத்திரலாமா?

பேசமாட்டா. தீபாவளிக்கு முன்னாடி இதே மாதிரி மழ. பின்னால கொடியில துணி எடுக்கப் போனா, மேட்டு மண்ணு சரிஞ்சிருச்சி. மொதல்ல இடுப்பு வரைக்குந்தான் புதஞ்சிருக்கு. மறுபடியும் மண்ணு எறங்குற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே இருந்துருக்கா. எனக்குக் கேட்டுச்சி. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு மவன் போனுன்னு நெனச்சேன். அம்மாக்கண்ணுக்கும் கேட்டுருக்கு, எங்க வீட்டுப் போனுன்னு அவ நெனச்சிருக்கா. சத்தத்தக் கொறைங்கடான்னு நாந்தான் சொவத்தத் தட்டுனேன்.

படம் உள்ளதான் இருக்கு. இங்க மாட்ட மனசு வரல, அதான் உங்களுக்குத் தெரியல. இப்ப எங்க லயத்துல யாரும் அத வெளையாடுறதில்ல. அம்மாக்கண்ணு மவன் போன அவளே ஒடச்சிட்டா.

டீ ஆறிப்போச்சே, வேற கொண்டாரவா?

இருங்க, அம்மான்னு கூப்புடுது. உங்க போனுதான், மேசையில இருக்கு, நானும் பாக்குறேன். தெரியுது தம்பி. இருந்தாலும் ஒரு நிமிசம் உக்காந்துருங்க, பின்னால போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.