கைக்கு வாட்டமான பக்கம்

பந்தி வாசம் மூக்கைத் துளைக்குது... தெரியுது. எனக்கும் வயிறு இருக்குங்க! ஒரே ஒரு குட்டிக் கதை, சொல்லிட்டு மைக்கை விட்டுடறேன். மாப்பிள்ளை, பொண்ணை அப்புறம் பார்க்கலாம், இங்க பாருங்க.

நம்ம தூத்துக்குடியில சூசைமாணிக்கம்னு ஒருத்தர். அவர் மீன் வெட்டுவாரு, அவர் சம்சாரம் ரொசாலி பொரிப்பாங்க. சின்னக் கடை. மொத மொதலா ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு ஆர்டர் வந்திருக்கு. பேர் எடுத்தா ஊரே கூப்பிடும். கெடுத்தா...? அவ்வளவுதான்!

அன்னைக்குக் காலையில மொத ஈடு எடுத்துப் பார்த்தா, துண்டுல ஒரு ஓரம் கரி, மறு ஓரம் பச்சை!

"ஏட்டி, தீயைப் பார்க்க மாட்டியா?"

"தீயா? துண்டைப் பாருங்க! மேல தடிமன், கீழ ஒல்லி. கோணலா வெட்டிட்டு என்னையச் சொல்லுதியளா?"

"இப்பதான் தீட்டுனேன். என் கத்தி எவ்வளவு கூர் தெரியுமா?"

கூர்தான். யாரு இல்லேன்னா? ரொசாலி கத்தியை வாங்கி, விளிம்பைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தாங்க. கூர் நடுவுல இல்ல... ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது.

"இந்தப் பக்கம் எத்தனை இழுப்பு தீட்டுவிய?"

"இருபது."

"அந்தப் பக்கம்?"

அவர் குனிஞ்சு பலகையைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

"அந்தப் பக்கம்?"

"ஒரு... நாலு. அங்கிட்டு கை வளைய மாட்டேங்குது, ஏட்டி."

எப்படி? கைக்கு வாட்டமான பக்கம் இருபது, வாட்டமில்லாத பக்கம் நாலு! கத்தி என்ன செய்யும் பாவம்? சரிஞ்சுதான் இறங்கும்.

ரொசாலிக்கு இடது கைப் பழக்கம். "தள்ளுங்க"ன்னு தீட்டுற கல்லு முன்னாடி உட்கார்ந்தாங்க. அவருக்கு வராத பக்கம் இவங்களுக்கு வாட்டம்! தீட்டித் தீட்டி, கூரை நடுவுக்குக் கொண்டாந்துட்டாங்க. அப்புறம் வெட்டுன துண்டு எல்லாம் ஒரே சீர். விருந்து முடிஞ்சதும் மாப்பிள்ளையோட அம்மா அடுக்களைக்கே போய், "கல்யாணத்துக்கும் நீங்கதான் வரணும்"னாங்க.

மாப்பிள்ளை... உங்க வீட்டு ஆளுங்க உங்க கைக்கு வாட்டம். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட கை கொஞ்சம் வளையாது. அம்மாடி, உனக்கும் அப்படித்தான். வளையலேன்னா விட்டுடாதீங்க. உனக்கு எட்டாத பக்கம் அவர் தீட்டட்டும், அவருக்கு எட்டாத பக்கம் நீ தீட்டு. விட்டுப்போன பக்கத்துக்கு ரெண்டு இழுப்பு கூடவே போடுங்க. குடும்பம் நேரா இறங்கும்.

மாப்பிள்ளை அம்மா ஏன் சிரிக்கிறாங்க? அட, அந்த நிச்சயதார்த்தமே நம்ம மாப்பிள்ளை-பொண்ணோடதுதானே, அடுக்களைக்குப் போன அம்மாவே இவங்கதானே! சூசைமாணிக்கமும் ரொசாலியும் பின்னாடி அடுப்படியில இருக்காங்க. நான் சொன்னது சரியான்னு, போய் இலையில துண்டைப் பாருங்க!