மே மாதச் சம்பளம்

சிந்துஜா: செருப்பக் கூட கழட்டல பவானி... காலேஜ்லேர்ந்து இப்பத்தான் வரேன். என்னா பேப்பர் இது?

பவானி: படிச்சிப் பாருங்கக்கா. மெதுவா. அருளு பாப்பா இப்பத்தான் தூங்கிச்சி.

சிந்துஜா: "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு..." முதல்வரா? யாரு?

பவானி: நீங்கதான். இந்த வூட்டுக்கு வேற யாரு?

சிந்துஜா: அப்ப எங்க வூட்டுக்காரரு?

பவானி: சாரு உங்க ஆபீஸ் பியூனு.

சிந்துஜா: ஏய், சிரிக்க வெக்காத! "உரிய கல்வித் தகுதி இருந்தும் குறைந்த ஊதியத்தில் பணியாற்றி வருகிறோம்..." வருகிறோமா? நீ ஒரு ஆளுதான?

பவானி: பலமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.

சிந்துஜா: என்னா தகுதி? நீ ப்ளஸ் டூதான...

பவானி: ஆறு மாசம் குமராட்சிலேர்ந்து கடலூருக்கு பஸ் மாறி மாறிப் போயி குழந்த பராமரிப்பு கோர்ஸ் படிச்சேன்ல? சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி காட்டுனேனே.

சிந்துஜா: பாத்தேனே. போட்டோ நல்லாருக்குன்னு கூட சொன்னேன்...

பவானி: உங்க நாத்தனாரு அண்ணாகிராமத்துலேர்ந்து கொண்டாந்த முந்திரி பாப்பா தொண்டைல அடச்சிக்கிச்சி. நீங்க கத்துனீங்க. நான் கவுத்துப் போட்டு முதுவுல தட்டுனேன். போட்டோவா தட்டுச்சி?

சிந்துஜா: ...இல்ல.

பவானி: மேல படிங்க.

சிந்துஜா: "கோரிக்கை ஒன்று, மாதச் சம்பளம் பதினைந்தாயிரம்." யம்மா! இப்ப ஒம்போதுதான...

பவானி: அதான் கோரிக்க.

சிந்துஜா: "இரண்டு, வாரம் ஒரு நாள் விடுமுறை. மூன்று, மே மாதச் சம்பளம். மே மாதம் மட்டும் எங்களுக்குப் பசிக்காதா..." இரு இரு. பவானி! இது நான் எழுதுனது!

பவானி: மெதுவாக்கா! ஆமா, உங்களோடதுதான். டெம்பரரி லெக்சரருங்களுக்கு வருசத்துல பதினோரு மாசம்தான் சம்பளம் தராங்கன்னு காலேஜ் வாசல்ல மைக்குல பேசுனீங்கள்ல? பாப்பாவ தூக்கிக்கிட்டு நானும் கூட்டத்துல நின்னேன். என் கையிலயும் ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க.

சிந்துஜா: அப்பிடியே காப்பி அடிச்சிட்டியா? நாலாவதா "நூலக வசதி" வேற கேட்டிருக்க!

பவானி: அத அழிக்க மறந்துட்டேன். பரவால்ல, இருக்கட்டும். பாப்பாவுக்கு நாலு கத புக்கு வாங்குங்க.

சிந்துஜா: எனக்கு மே மாசம் லீவு... உனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்னுதான் வர வேணாம்னேன். சத்தியமா.

பவானி: உங்க மேனேஜ்மெண்டும் அப்பிடித்தான சொல்லிச்சி? அக்கா, உங்க கண்ணு கலங்குது.

சிந்துஜா: வெக்கமா இருக்குடி. ...சரி, நான் முடியாதுன்னா?

பவானி: கடலூர்ல ஒரு டாக்டர் வூட்ல பதினஞ்சு தரோம்னு கூப்புடறாங்க. ஒண்ணாந்தேதிக்குள்ள பதில் சொல்லணும்.

சிந்துஜா: போயிடுவியா? உன் மடியில ஒக்காந்தாத்தான அருளு சோறே திங்குது... நான் என்னா பண்ணுவேன்?

பவானி: எனக்கு மட்டும் போவணும்னா இருக்கு? அதான் மனுவே.

சிந்துஜா: பேனாவ குடு. பதினஞ்சு. ஞாயித்துக்கெழம லீவு. மே மாச சம்பளம், போன வருசத்துதும் சேத்து. ஆச்சா?

பவானி: தேதி போடுங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

சிந்துஜா: முதல்வருகிட்டயே வெவரமா பேசுற... இந்தா, போட்டாச்சி. இப்ப என் பையப் பிரி.

பவானி: ஜாங்கிரி!

சிந்துஜா: வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், நீ பேப்பர நீட்டிட்ட. நாங்க ஜெயிச்சிட்டோம் பவானி! சம்பளத்த ஏத்திட்டாங்க, மே மாசத்துக்கும் உண்டு. இன்னைக்கிக் காலைலதான் ஆர்டர் வந்திச்சி!

பவானி: தெரியும்க்கா. மத்தியானமே சாரு போன்ல சொல்லிட்டாரு.

சிந்துஜா: அடிப்பாவி! அதான் இன்னைக்கி எழுதுனியா?

பவானி: எழுதி நாலு மாசம் ஆவுதுக்கா. டாக்டரும் அப்பலேர்ந்துதான் கூப்புடறாங்க. உங்களுக்கே இல்லாதப்ப உங்ககிட்ட எப்பிடிக் கேக்கறது... வாயத் தொறங்க, மொத ஜாங்கிரி உங்களுக்கு.