இரண்டு விரக்கடை

சாட்சியின் பெயர்: அடைக்கலமேரி. வயது: 41. கணவர் பெயர்: அருள்தாஸ். தொழில்: வாகன இருக்கைத் தையல். முகவரி: 3/47, மாதா கோவில் தெரு, கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம். நீதித்துறை நடுவர் முன்னிலையில் 11.03.2025 முற்பகல் 11.20 மணிக்குச் சத்தியப் பிரமாணம் செய்தபின் சாட்சி கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பதினாறு வருடமாக வேன், கார் சீட்டுகளுக்கு உறை தைத்து வருகிறேன். நான் இப்போது சாட்சியாகவே அழைக்கப்பட்டிருக்கிறேன் என்றும், நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்றும், அப்படிப்பட்டதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் நடுவர் அவர்கள் விளக்கினார்கள். விளங்கிக்கொண்டேன். சொல் என்று யாரும் என்னை மிரட்டி அனுப்பவில்லை. சொல்லாதே என்று சொன்னவர்கள்தான் உண்டு.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள ஓட்டுநர் இருளாண்டியை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அவரும் என் கணவரும் ஜெகதாப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றிப் போகும் ஒரே வேனை நாள் மாற்றி நாள் ஓட்டி வந்தார்கள். என் கணவர் ஆறடி உயரம். இருளாண்டி அவருடைய தோளுக்குத்தான் வருவார். 2023 மே மாதம் என் கணவருக்கு இடது தோளில் வலி கண்டது. கியர் மாற்றாத நேரமெல்லாம் இடது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டே திருச்சி வரை போய்த் திரும்பினால் வலிக்காமல் என்ன செய்யும். அதனால் சீட்டின் பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் கைக்கட்டை ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டினோம். அது என் கணவருக்குப் பொருந்தியது. மறுநாள் வண்டி எடுத்த இருளாண்டிக்கு அது முழங்கைக்குப் பின்னால் கிடந்தது. அவர் வந்து, "யக்கா, இது அண்ணனுக்குத்தான் கைக்கட்டை, எனக்கு முட்டுக்கட்டை" என்றார். அதன் பிறகு, முன்னும் பின்னும் நகர்த்தி வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும்படி ஒன்றை நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் அலமாரி இழுப்பறைக்குப் போடும் சேனலை வைத்துச் செய்தேன். மீன் தண்ணீரும் உப்பும் பட்டு இருபது நாளில் துருவேறி அசையாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு அலுமினிய ஜன்னல் டிராக்கை வாங்கி அறுத்து, அதற்குள் ஓடுவதற்கு, என் வீட்டில் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகையிலிருந்து துண்டு வெட்டி வைத்தேன். அது துருப்பிடிக்காது, சத்தமும் போடாது. டிராக்கில் வரிசையாக ஐந்து துளை போட்டு, கீழிருந்து ஏறும்படி ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்றைப் பொருத்தி, அதை இழுக்க ஒரு சாவி வளையம் மாட்டினேன். வளையத்தை இழுத்தால் கட்டை நகரும், விட்டால் அடுத்த துளையில் ஊசி ஏறிப் பூட்டிக்கொள்ளும். அடியில் கெட்டி ஸ்பாஞ்சும் மேலே மெத்து ஸ்பாஞ்சும் வைத்து, முழங்கையில் உரசாதபடி தையலை வெளி ஓரத்துக்குத் தள்ளி ரெக்சின் தைத்தேன். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று என்னிடம் கேட்கப்பட்டது. தேவைதான். செய்தவளுக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

அந்த வேனில் ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கட்டையை முன்னால் தள்ளி வைத்திருக்கும்போது பிரேக்கை மேலே இழுத்தால், அதைப் பிடித்திருக்கும் கைமுட்டி, அதாவது மடக்கிய விரல்கள், கட்டையின் நுனியில் இடிக்க வாய்ப்பு உண்டு. இடித்தால் ஓட்டுகிறவர் பிரேக் முழுதாக ஏறிவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிடுவார். ஆகவே இருளாண்டியை வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்து, பூரிக்கட்டையைக் கையில் கொடுத்து, இதுதான் பிரேக் இழுங்கள் தம்பி என்று பத்து தடவை இழுக்கச் சொன்னேன். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வேனிலேயே உட்கார வைத்துப் பார்த்தேன். கட்டை கடைசித் துளையில் இருக்கும்போதும், பிரேக் முழுதாக ஏறிய நிலையில், அவருடைய கைமுட்டிக்கும் கட்டைக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்று வைத்தேன். அதற்கு மேல் கட்டை போகாதபடி அந்த இடத்தில் ஒரு தடுப்பு ஆணி அடித்தேன். ஒன்றரை வருடம் அந்தக் கட்டையால் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்படவில்லை.

இதன் படத்தை 2023 ஜூன் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் வரைந்து வைத்தேன். மற்ற அளவுகளை எல்லாம் டேப் வைத்து அங்குலத்தில் குறித்தேன். அந்த இடைவெளியை மட்டும் விரக்கடையில் குறித்தேன். ஒரு விரலின் அகலம் ஒரு விரக்கடை. கை நுழையும் இடத்தைக் கையால் அளப்பது எங்கள் தையல் வழக்கம். முழுதாக எழுத இடம் இல்லாததால் '2 வி' என்று எழுதினேன்.

2023 ஆகஸ்டில் மேற்படி வேன் சீட் வேலைக்காகப் புதுக்கோட்டை சூரியமலர் வேன் இன்டீரியர்ஸுக்குப் போனது. அந்தக் கம்பெனிக்கு நான் உறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன் உரிமையாளர் பிரவீன்குமார் பொறியியல் படித்தவர். அவர் கட்டையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, படம் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் காலண்டர் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைக் கைப்பேசியில் போட்டோ எடுத்துக்கொண்டு தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் பெருமையாக வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு மடத்தனம் எனக்கு அன்றைக்கு இருந்தது.

அதன் பிறகு 2024 பிப்ரவரியில் திருச்சியில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தக் கட்டைக்கு முதல் பரிசு கிடைத்தது. அங்கே வைத்த மாதிரிக்கு உறை தைத்தவள் நான். அங்கே கொடுத்த நோட்டீசில் 'வடிவமைப்பு: பிரவீன்குமார், பி.இ.' என்று அச்சடித்திருந்தது. அந்த நோட்டீஸ் ஒன்றை இப்போது தாக்கல் செய்கிறேன். இது என்ன சார் என்று நான் கேட்டதற்கு அவர் ஆட்கள் முன்னிலையில், "காலண்டருக்குப் பின்னாடி கிறுக்குறதுக்குப் பேரு டிசைனாக்கா? நீங்க தையலப் பாருங்க" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சல் இன்று வரை அடங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

2024 ஜூன் மாதம் நாற்பது கட்டைகள் செய்து வேன்களில் மாட்டத் தொடங்கினார்கள். முதல் வேனில் உறை போட்டு முடிக்க நான் கம்பெனிக்குப் போனேன். உறையை மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் கட்டையைக் கடைசித் துளைக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஆறு பல் ஏற வேண்டிய பிரேக், மூன்றாவது பல்லிலேயே என் கைமுட்டி கட்டையில் இடித்து நின்றது. விரலை வைத்துப் பார்த்தேன். பிரேக் அந்த நிலையில் இருக்கும்போதே நகம்கூட நுழையவில்லை. என்ன நடந்திருக்கும் என்று அங்கேயே எனக்குப் புரிந்தது. என் எழுத்து அவசர எழுத்து. வி என்று எழுதினால் மி போலத் தெரியும். இரண்டு விரக்கடையை அவர் இரண்டு மில்லிமீட்டர் என்று படித்து, பிடிக்கும் கையைக் கணக்கில் எடுக்காமல் வெறும் பிரேக் கம்பியிலிருந்து அளந்து, தடுப்பு ஆணியை அதற்குத் தக்கபடி முன்னால் அடித்திருக்கிறார். வடிவமைத்தவராக இருந்தால், அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

பிரவீன்குமார் அப்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து பதினைந்து அடி இருக்கும். போய்ச் சொல்லியிருக்கலாம். தையலைத்தானே பார்க்கச் சொன்னார், பார்த்தாயிற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கத்திரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாலு பேர் முன்னால் அவர் மூக்கு உடையட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு யாருக்கும் எதுவும் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பிறகு 2024 அக்டோபரில் இருளாண்டி மீன் வேனை விட்டுவிட்டு ஒரு சுற்றுலா வேனுக்கு ஓட்டுநராகப் போனார். முதல் நாளே எனக்குப் போன் செய்து, "யக்கா, ஒங்க கட்டை எனக்கு முன்னாடியே வந்து வண்டியில ஒக்காந்துருக்குக்கா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். முன்னால் தள்ளி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாததா, கடைசித் துளையிலதான். நீங்க செஞ்சதாச்சே, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார். ஒரு துளை பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பார் என்று தோன்றியது. சரி தம்பி, பார்த்துப் போங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. இருளாண்டியின் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டது என்னவென்றால், 16.01.2025 காணும் பொங்கலன்று அவர் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சித்தன்னவாசல் போயிருக்கிறார். மலையடியில் கூட்டம் அதிகமாக இருந்ததால் சரிவில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஏசி ஓடட்டும் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னதால் எஞ்சினை அணைக்காமல், கியரிலும் விட முடியாமல், ஹேண்ட் பிரேக்கை இடிக்கும் வரை இழுத்துவிட்டு, வயதானவர்கள் இறங்குவதற்குப் படிப்பலகை போட இறங்கியிருக்கிறார். அதன் பிறகு வேன் பின்னால் உருண்டு, கீழே பனங்கிழங்குக் கட்டு விற்றுக்கொண்டிருந்த உண்ணாமலை என்பவரின் மீது ஏறியது. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

பிரேக் கேபிளும் பல்லும் நல்ல நிலையில் இருந்ததாகவும், ஓட்டுநர் முழுதாக இழுக்காததே காரணம் என்றும் வாகன ஆய்வில் எழுதப்பட்டதால் இருளாண்டி கைது செய்யப்பட்டார். அவருடைய வழக்கறிஞர் கைக்கட்டையைச் சோதிக்க வேண்டும் என்று மனுச் செய்த பிறகு, பிரவீன்குமார் காவல் நிலையத்துக்குப் போய், என் காலண்டர் தாளின் போட்டோவைக் கொடுத்து, வடிவமைப்பு முழுக்க கீரனூர் அடைக்கலமேரியுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பரிசு வாங்கியபோது நான் கிறுக்கினவள். கால் போனபோது வடிவமைத்தவள் ஆகிவிட்டேன். என் பெயரை அவர் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியது அதுதான் முதல் தடவை.

என் கணவர் என்னிடம், "நோட்டீச எடுத்துக் காட்டு, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லேன்னு சொல்லிட்டு வந்துரு. பரிசு வாங்குனவன் அனுபவிக்கட்டும்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. நோட்டீசைக் காட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு வாரம் அப்படித்தான் செய்வதாக இருந்தேன்.

அதன் பிறகு பிப்ரவரி 20ஆம் தேதி உண்ணாமலையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நான் யார் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அவருடைய மகள் செவந்தி அதை அவரிடம் சொன்னார். உண்ணாமலை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் சாய்ந்தபடி, "வண்டி ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் எனக்கு வெளங்கச் சொல்ல மாட்டேங்கிறாகத்தா. அந்தக் கட்டை சரியில்லேன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான், "தெரியாதுங்கம்மா" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவரிடம் நான் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இருளாண்டி பிரேக்கை அதற்கு மேல் இழுத்திருக்க முடியாது. எந்தக் கையாலும் முடியாது. அந்தக் கட்டையைக் கடைசித் துளைக்குத் தள்ளி வைத்து எவரும் இழுத்துப் பார்க்கலாம். மற்ற முப்பத்தொன்பது வேன்களும் இப்போதும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்திச் சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காலண்டர் தாளின் அசலை இத்துடன் தாக்கல் செய்கிறேன். அதை வரைந்தது நான்தான்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வாசிக்கும்போது இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் ‘கைக்கட்டை செய்ய உதவியாக இருந்தேன்’ என்று எழுதியிருந்தது அடிக்கப்பட்டு, ‘கைக்கட்டையை நானே செய்தேன்’ என்று திருத்தப்பட்டது. நான்காம் பக்கத்தில் ‘இடைவெளி குறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பார். அதுவும் அடிக்கப்பட்டு, ‘கவனித்தேன், சொல்லவில்லை’ என்று திருத்தப்பட்டது. இரண்டு திருத்தங்களுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் சொன்னவை நடந்தபடியே இருக்கின்றன.

(ஒப்பம்) அ. அடைக்கலமேரி